இமை மூடினால் ஆம்

கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தொண்டையில் துளையிட வியாழக்கிழமை காலையைக் குறித்திருந்தார்கள். அன்று செவ்வாய்.

நரம்புகள் ஒவ்வொன்றாகத் தம் கடமையை மறந்துவிடும் நோய் அது. முதலில் விரல்கள் மறந்தன, பின்பு கால்கள், அதன் பின் நாக்கு. இப்போது நெஞ்சும் மறக்கத் தொடங்கியிருந்தது. துளையிட்டுக் குழாய் செருகி இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில்கூட உயிர் தங்கும். இல்லையென்றால், முகமூடி ஊட்டும் காற்றை நம்பிச் சில மாதங்கள். “இணைச்சிட்டா அப்புறம் எடுக்கறது சுலபமில்லை. அதனால சம்மதத்தை அவங்களே சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது” என்று மருத்துவர் அம்மையார் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவளும் சம்மதித்துவிட்டாள். அப்படித்தான் கண்ணாடிக்காரர் நம்பியிருந்தார்.

நா அடங்கிய பின்னும் அவளுடைய கண் அடங்கவில்லை. விடியலில் எழுந்து துதிப்பாடல்களை ஒரு சீர் பிசகாமல் சொல்லி வந்தவள் அவள். இறைவனைப் பாட நாவை அழைத்த புலவர்கள், நா இல்லாதவள் எதைக் கொண்டு பாடுவாள் என்பதைச் சொல்லாமல் போய்விட்டார்களே என்று கண்ணாடிக்காரர் சில வைகறைகளில் நினைத்துக்கொள்வார். அவள் கண்கள் மேற்கூரையில் ஓரிடத்தில் ஊன்றி, அடிக்கு அடி சற்றே அசைவதைப் பார்த்தால் உள்ளே பாட்டு ஓடுகிறது என்று தெரியும். அந்நேரத்தில் அவர் அறைக்குள் போகமாட்டார்.

பேசுவதற்கென மருத்துவமனையில் ஒளி ஊடுருவும் பலகை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. தமிழ் எழுத்துப் பலகை கிடைக்குமா என்று மகள் கேட்டபோது, அங்கிருந்தவர் மொத்தம் எத்தனை எழுத்து என்று விசாரித்தார். விடையைக் கேட்டதும் பலகையைத் துடைப்பது எப்படி என்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

பலகையை அவள் முகத்துக்கும் தம் முகத்துக்கும் நடுவே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவள் ஓர் எழுத்தைப் பார்ப்பாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் அதைப் படித்துச் சொல்வார். இமையை மெல்ல மூடித் திறந்தால் ஆம். மூடாமல் வைத்திருந்தால் இல்லை. சொல் முடிந்ததும் கண் மேலே போகும். ஆயுள் முழுக்கப் பிறர் கண்ணைப் பார்த்தே பிழைத்தவருக்கு இந்த வேலை எளிதில் கைவந்தது.

எளிதில் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருமணமான புதிதிலிருந்தே இருவருக்கும் செய்தித்தாளின் எழுத்துப் புதிரில் பித்து. வட்டத்துக்குள் ஏழு ஆங்கில எழுத்துகள். அவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்க முடியும் என்பது கணக்கு. நடு எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் இருந்தாக வேண்டும். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்ததும் கண்ணாடி மேசைமேல் தாளை விரிப்பார்கள். அவர் படபடவென்று சொல்லிக்கொண்டே போவார். அவள் பேசாமல் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஏழெழுத்தும் சேர்ந்த பெரிய சொல் மட்டும் அகப்படாமல் அவர் தலையைச் சொறியும்போது, “எஸ்ல ஆரம்பிக்குமோ என்னமோ” என்பாள். சிறிது பொறுத்து, “அடுத்தது டி வந்தா நல்லாருக்கும்” என்பாள். அவர் துள்ளி எழுந்து மீதியைச் சொல்லிவிடுவார்.

“கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியா?”

“நீங்க கண்டுபிடிக்காம வேற யாரு?”

இந்தப் பழக்கம் பலகைக்கும் வந்து சேர்ந்தது. அவள் இரண்டு எழுத்தைப் பார்ப்பதற்குள் அவர் சொல்லை முடித்துவிடுவார். டி, எச் என்றால் தர்ஸ்ட், தாகம். பி, ஐ என்றால் பில்லோ, தலையணை. அவள் இமை மூடுவாள். பார்க்க வருகிறவர்கள் வியப்பார்கள். “அத்தான் இருக்கறப்ப அக்காவுக்கு வாயே தேவையில்லை” என்று அவளுடைய தம்பி ஒருமுறை சொன்னபோது, கண்ணாடிக்காரருக்கு அந்தப் பேச்சு வலித்தது. கூடவே சிறிது பெருமையாகவும் இருந்தது.

மருத்துவரின் முன்னிலையிலும் அப்படியே நடந்தது. அம்மையார் எல்லாவற்றையும் அவளிடம் பொறுமையாக எடுத்துரைத்தார். கண்ணாடிக்காரர் பலகையைத் தூக்கினார். அவள் கண் எழுத்துகளின் பக்கம் திரும்பும் முன்பே, “பண்ணிக்கலாம்தானேம்மா? உனக்குச் சரிதானே?” என்றார். இமை மூடித் திறந்தது. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நாள் குறித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் கடைக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். உரிமம் புதுப்பிக்கக் கண் சோதனை வேண்டுமாம். பருத்த உடல், அதைவிடப் பருத்த குரல். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டியதும், “இதைப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டியே கதவைத் தொறக்கமாட்டா” என்றார்.

“திறப்பாங்க. யாருன்னு கேட்டுட்டுத் திறப்பாங்க. எதிர்ல பாருங்க. இது ஒண்ணு... இது ரெண்டு. எது தெளிவா இருக்கு?”

“ரெண்டு.”

கண்ணாடிக்காரர் வில்லையை வெளியே எடுத்தார். துணியால் ஒரு தரம் துடைத்தார். அதே வில்லையை அதே இடத்தில் திரும்பச் செருகினார். “இப்ப?”

“ஆகா, இது இன்னும் பளிச்சுனு இருக்கு.”

“அண்ணே, நான் எதையும் மாத்தலையே. அதே வில்லைதான்.”

ஓட்டுநர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்கு இது புதிதன்று. நாற்காலியில் உட்காருகிறவர்களில் பலர் சோதிப்பவரின் மனம் நோகாமல் பதில் சொல்வார்கள். ஆகவே முதல் ‘ஆம்’ஐ அவர் ஒருபோதும் கணக்கில் கொள்வதில்லை. ஒன்றையும் மாற்றாமல் மாற்றியதுபோல் காட்டி, திருப்பிக் கேட்பார். இரண்டாம் முறையும் அதே விடை வந்தால்தான் சீட்டில் எழுதுவார். தொழில் கற்ற காலம் முதல் அவர் கைக்கொண்ட நெறி இது.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கண்ணே. ரோட்டுல எதிர்ல வர்றவன் உங்க கண்ணை நம்பித்தானே வர்றான்.”

“அது இல்லீங்க. நீங்களும் எவ்வளவு நேரமா குனிஞ்சுக்கிட்டே நிக்கறீங்க. கை வேற நடுங்குது. பாவம், சீக்கிரம் முடியட்டுமேன்னு தலையாட்டிட்டேன். நல்லது நெனச்சுத்தான்.”

கண்ணாடிக்காரர் வில்லையைப் பிடித்தபடியே நின்றார். கை நடுங்கத்தான் செய்தது. பல மாதங்களாகப் பலகையைத் தூக்கிப் பிடித்ததில் தோள்பட்டை இறங்கியிருந்தது. எதிரிலிருந்த எழுத்து அட்டையை, அதை இதற்கு முன் கண்டிராதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ரொம்ப மோசமா நம்ம கண்ணு?”

“இல்லண்ணே. உங்க கண்ணுல ஒண்ணுமில்லை.”

சோதனையை முதலிலிருந்து தொடங்கி, அவசரமில்லாமல் முடித்து, ஓட்டுநரை அனுப்பினார். பிறகு கடையைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு மாடியேறினார். கடைக்கு மேலேதான் வீடு.

வெயில் உச்சியில் நின்றது. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. சன்னல் சாத்திக்கிடந்தது. அவர் பலகையை எடுத்தார். அவள் டபிள்யூவைப் பார்த்தாள், அடுத்து ஐ. அவள் கேட்பது சன்னலைத்தான் என்று அவருக்குத் தெரிந்தது. ஆயினும் வேண்டுமென்றே, “வின்டரா? குளிருதாம்மா?” என்றார்.

கணநேரம் அவள் கண் அவர் முகத்தில் நின்றது. பிறகு இமை மூடித் திறந்தது.

கண்ணாடிக்காரர் கம்பளியை எடுத்து அவள் மார்புவரை போர்த்தினார். தம் கைகள் அதைச் செய்வதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப சரியா இருக்கா?” என்றார். மீண்டும் இமை மூடியது. நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை உருண்டு காதோரமாக இறங்கிற்று.

அவர் கம்பளியை உருவி எறிந்தார். சன்னலைத் திறந்தார். மின்விசிறியைச் சுழலவிட்டார். ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக் கட்டிலோரம் அமர்ந்தார். எத்தனை ஆம்கள். தாகமென்று ஊட்டிய நீர், வலியென்று கொடுத்த மாத்திரை, வேண்டுமென்று வைத்த பாட்டு, வேண்டாமென்று அணைத்த விளக்கு. இவற்றில் எது அவளுடையது? எது அவர் வாயிலிருந்து போய் அவள் இமையில் பட்டுத் திரும்பியது? வழிப்போக்கனுக்குக்கூட இரண்டாம் முறை கேட்டுத்தான் வில்லை எழுதியிருக்கிறார். இவளிடம் கேட்கவில்லை.

“ஏம்மா,” என்றார் தணிந்த குரலில், “நான் எதைச் சொன்னாலும் ஏன் ஆமான்னே? இனிமே நான் குறுக்க பேசமாட்டேன். நீயே சொல்லு.”

பலகை உயர்ந்தது. அவள் கண் கே என்ற எழுத்துக்குப் போனது. பிறகு ஏ. பிறகு ஐ. பிறகு மேலே. சொல் முடிந்தது.

“கே, ஏ, ஐ” என்று எழுத்துகளை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். பழக்கம் விடவில்லை; அவர் மனம் ஆங்கிலச் சொற்களின் கிடங்குக்குள் புகுந்து துழாவியது. காக்கி என்ற சொல்லில் மூன்றும் உண்டு. ஆனால் அதில் இன்னும் எழுத்துகள் வேண்டும். கைசர் என்று ஓர் அரசன் வருவான். அவனுக்கு இங்கே என்ன வேலை. மூன்றெழுத்தில் முடிகிற சொல் ஒன்றும் அகப்படவில்லை. வாக்குக் கொடுத்திருந்ததால் எதையாவது ஊகித்துச் சொல்லவும் முடியவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றியபடியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அது இங்கிலீஷ் இல்ல. கை. உங்க கையைச் சொல்றாங்க.”

அப்போதுதான் அவர் தம் கையைப் பார்த்தார். பலகை காற்றில் ஆடும் இலைபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் இத்தனை மாதமும் பார்த்திருந்தாள். சீக்கிரம் ஆம் என்றால் கை சீக்கிரம் கீழே இறங்கும்.

மகளை அடுத்த அறைக்கு அழைத்துப்போய் அவர் நடந்ததைச் சொன்னார். அவள் முகம் மாறியது.

“அதுக்கு இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“திரும்பக் கேக்கணும். தொண்டையைப் பத்தி.”

“எதுக்கு? அதான் டாக்டர் முன்னாடியே சரின்னு சொல்லிட்டாங்களே.”

“அவ சொல்லலைம்மா. நான் சொன்னேன். அவ கண்ணை மூடினா.”

“யாரோ ஒரு லாரிக்காரரு தலையாட்டினாராம், அதுக்காக இவரு வந்து அம்மா உயிரோட விளையாடுறாரு.” அவள் குரல் உடைந்தது. “இல்லைன்னு சொல்லிட்டா? அப்ப என்ன பண்ணுவீங்க? பலகையைக் கீழ வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருப்பீங்களா?”

அந்த அச்சம் மாடிப்படியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேட்காமல் விட்டால் வியாழக்கிழமை தானாக வரும், மூச்சும் நிற்காது. யாரும் அவரைக் குறைசொல்லப் போவதில்லை.

“எனக்கும் அவ இருக்கணும்,” என்றார். “ஆனா நான் கேக்காம அவளை மெஷின்ல கட்டிட்டு, அப்புறம் தெனமும் அந்தக் கண்ணைப் பாத்துக்கிட்டு உக்காரணும். அது என்னால முடியாது.”

மகள் அடுக்களைப் பக்கம் திரும்பி, “சாப்பிட்டுக் கேளுங்க. வெறும் வயித்துல கேக்காதீங்க” என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. கடைக்கு இறங்கிப்போய், வாடிக்கையாளர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாங்கியிருந்த இரும்புத் தாங்கியைத் திருகிக் கழற்றினார். அதை மேலே தூக்கி வந்து கட்டிலின் இருபுறமும் சாய்த்துப் பார்த்து, உயரம் சரிசெய்து, பலகையை அதில் இறுக்கினார். பலகை அசைவில்லாமல் நின்றது. அவர் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டார்.

“இப்ப கையில ஒண்ணுமில்லை பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க.”

அவள் கண் அவருடைய வெறுங்கைகளைப் பார்த்தது. பின்பு தாங்கியை. அதன் பழைய திருகாணியை அவள்தான் வாராவாரம் எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தாள்.

“வியாழக்கிழமை தொண்டையில துளை வெச்சு மெஷின் மாட்டறதா இருக்காங்க. மாட்டினா ரொம்ப நாள் இருக்கலாம். மாட்டலைன்னா கொஞ்ச நாள்தான். அன்னைக்கு உன்னைப் பேசவிடாம நான் பேசிட்டேன். உனக்கு என்ன வேணும்னு நீ சொல்லு. ஆமா இல்லைன்னு வேண்டாம். எழுத்தாச் சொல்லு.”

வெகுநேரம் அவள் எதையும் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. மகள் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள்.

பி.

“பி,” என்றார். இமை மூடித் திறந்தது.

ஓ.

சொற்கள் கூட்டமாக வந்து அவர் நாவின் வாசலில் முட்டின. போஸ்ட், போர்ட், பவுண்ட், பவர். ஒவ்வொன்றையும் உள்ளேயே அடக்கினார். இத்தனை ஆண்டுகளில் அவர் கற்றிராத ஒரே வித்தை அது. புலனடக்கம் பற்றி ஆயிரம் பாட்டுகள் கேட்டிருக்கிறார். நாவடக்கம் இவ்வளவு பளுவானது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டி.

பாட் என்று ஒரு சொல் எழுந்தது. பானை. பானைக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு? விரல்நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்.

எச்.

ஆங்கிலக் கிடங்கின் கதவுகளெல்லாம் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. அந்த இருட்டில், தம் தாய்மொழியிலிருந்து ஒரு சொல் எதிரே வந்து நிற்பதை அவர் கண்டார். மீதி இரண்டு எழுத்தும் தெரிந்துவிட்டன. மகளுக்கும் தெரிந்துவிட்டது, அவள் கதவுச் சட்டத்தை விட்டுத் தரையில் அமர்ந்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கு இரண்டு எழுத்தின் களைப்பு மிச்சம். ஆனால் அவர் சொல்லவில்லை. இந்தச் சொல் அவளுடையது. இதன் கடைசி எழுத்துவரை அவளே நடந்துபோக வேண்டும். அவள் கண் களைத்து மூடியது. அது ஆம் அன்று, ஓய்வு. அந்த வேற்றுமை அவருக்குத் தெரிந்தது. காத்திருந்தார். மூச்சு ஏறி இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் திறந்தது.

“யு,” என்றார்.

பிறகு, “எம்.”

அவள் கண் மேலே போயிற்று.

போதும்.

அவர் தலை குனியவில்லை. குனிந்தால் அவள் முகம் தெரியாது. குரலைத் திரட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்காருகிற எவரிடமும் கேட்பதுபோல், வில்லையைத் திருப்பிச் செருகினார்.

“சரிம்மா. இப்ப மாத்திக் கேக்கறேன். துளை வெச்சு மெஷின் மாட்டிக்கலாம்னா கண்ணை மூடு.”

அவள் மூடவில்லை. இமைக்காத கண் எவ்வளவு எரியும் என்பதை அறிவது அவர் தொழில். வெண்விழியில் செம்மை பரவுவதையும், கீழிமையில் நீர் கோத்து நிற்பதையும் பார்த்தார். ஆயினும் அவள் மூடவில்லை. மணவாழ்க்கை முழுவதிலும் அவள் அவரிடம் சொன்ன முதல் ‘இல்லை’ அதுவாக இருக்கலாம்.

“பாத்துட்டேன். மூடிக்கோ,” என்றார். அவள் மூடிக்கொண்டாள்.

மகள் எழுந்து வந்து, தாயின் காலடியில் கட்டில்மேல் தலைசாய்த்தாள். “என்னை விட்டுட்டுப் போறதுக்கு அவ்வளவு அவசரமாம்மா உனக்கு?” என்றாள். அதில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. அவர் பலகையைத் தாங்கியோடு நகர்த்தி வைத்தார். தாய் ஓர் எழுத்தைப் பார்த்தாள். இம்முறை மகளே எழுந்து எதிரில் அமர்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். அது வெகுநேரம் எடுத்தது. என்ன சொன்னாள் என்று கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. அது தாய்க்கும் மகளுக்கும் இடையில் நின்றுவிட்டது.

புதன்கிழமை காலையில் அவர் மறுபடியும் கேட்டார். ஓர் இரவு உறங்கி எழுந்தபின் மனம் மாறியிருக்கலாம். மாற அவளுக்கு உரிமை உண்டு. மகள்தான் எழுத்துகளைப் படித்தாள். பி, ஓ, டி, எச். மகள் குரல் இடறியது. ஆனால் எழுத்தை விட்டுத் தாண்டவில்லை. அதே சொல்.

மருத்துவர் அம்மையாருக்குத் தொலைபேசியில் அவர் சொன்னார். “அன்னைக்குச் சரின்னாங்களே?” என்றார் அம்மையார்.

“அது என் சரிங்க டாக்டர். இது அவளோடது.”

“ரெண்டு தடவை கேட்டீங்களா?”

“கேட்டேங்க.”

“சாயங்காலம் நானே வந்து ஒரு தடவை கேக்கறேன். அதுக்கப்புறம் நாளைக்குக் குறிச்சதை ரத்து பண்ணலாம். மூச்சு திணறாம இருக்க மருந்து இருக்கு. அதைப் பத்தியும் பேசுவோம்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்தபோது செய்தித்தாள் கதவுக்கடியில் கிடந்தது. பல மாதங்களாகப் புதிர்ப் பக்கத்தை இருவரும் திறக்கவில்லை. அவர் அந்தப் பக்கத்தை மடித்து, பலகைக்கு மேலே அவள் பார்வை படும்படி ஒட்டினார். ஏழு எழுத்துகள். நடுவில் ஆர்.

“நீ ஆரம்பி,” என்றார்.

அவள் கண்கள் தாளில் சற்று உலாவிவிட்டுப் பலகைக்கு இறங்கின. பி. ஆர். இ. ஏ. டி. அவருக்கு மூன்றாம் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. பிரெட். ரொட்டி. ஐந்தெழுத்து, நல்ல தொடக்கம். அவள் கண் மேலே போகுமென்று காத்திருந்தார். போகவில்லை.

டி என்றார், எஸ்ஸை அடுத்து வரும் டி. பிறகு எச்.

அப்போதுதான் கண் மேலே போயிற்று. அவர் தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிரெட்த். அகலம் என்று பொருள்படும் சொல். வட்டத்திலிருந்த ஏழெழுத்தும் அதில் இருந்தன. அவர் அதை நினைத்திருக்கவே இல்லை.

“முழுசும் நீயே கண்டுபிடிச்சிட்டே,” என்றார்.

அவள் இமை மூடித் திறந்தது.